யாரும் வராத ஏரி

— மாடி வேண்டாம் தம்பி, கூரை ஒழுகுது. கீழேயே ஏதாவது ஒரு அறை எடுத்துக்குங்க.

— எது காலியா இருக்குக்கா?

— பதினொண்ணும் காலிதான். அறைக்கு ஒரு மணி நேரம்னு மாத்தி மாத்தித் தூங்கினாலும் ஏன்னு கேக்க ஆளில்லை.

— அப்போ ஏரி தெரியுற மாதிரி குடுங்க.

— எல்லாத்துலயும் ஏரி தெரியும். ஏரியைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது... இந்தாங்க, பதிவேடு. பேர், ஊர், தொழில்.

— பேர் போட்டாச்சு. தொழில்... அவசியமா?

— போலீஸ்ல கேக்குறாங்க. எனக்கென்ன, நீங்க கப்பல் ஓட்டினாலும் சரி, கழுதை மேய்ச்சாலும் சரி.

— பத்திரிகையில பிழை திருத்துறேன்.

— அட! அப்போ உங்க பிழையை யாரு திருத்துவா?

— ...அதுக்கு ஆள் போடலைக்கா.

— சும்மா கேட்டேன், முகம் ஏன் இப்படி விழுந்துடுச்சு? உட்காருங்க, டீ போடுறேன்.

— உங்களுக்கு எதுக்குச் சிரமம்...

— சிரமமா! ரெண்டாவது கோப்பை எங்க வெச்சேன்னுதான் தேடணும். கடைசியா அதை எடுத்து ஏழு மாசம் ஆச்சு. அதுவும் ஒரு ஜோடி, வழி தவறி வந்தாங்க. காருக்கு டயர் மாத்தினதும் டீயைப் பாதியில வெச்சுட்டு ஓடிட்டாங்க.

— அப்புறம் எதுக்கு இவ்வளவு அறை?

— முதல்ல ரெண்டே அறைதான். எட்டு வருஷம் முன்னாடி ஏதோ பத்திரிகையில இந்த ஏரியைப் பத்திப் போட்டாங்க. கூட்டமே இல்லாத இடம்னு. அதைப் படிச்சுட்டுக் கூட்டங் கூட்டமா வந்தாங்க. சிரிங்க தம்பி. நானே இப்போல்லாம் சிரிச்சுடுறேன்.

— ரொம்பப் பேர் வந்தாங்களா?

— சனி ஞாயிறுன்னா அதோ அந்த வளைவு வரைக்கும் கார் நிக்கும். என் சமையல்கட்டுல ஒரு குடும்பமே பாய் விரிச்சுப் படுத்துது. ஒருத்தி என் கையைப் பிடிச்சுக்கிட்டு அவ மாமியாரைப் பத்தி மூணு மணி நேரம் பேசினா. அடுப்புல குழம்பு அடிபிடிச்சுப் போச்சு, நான் எழுந்திருக்கவே இல்லை.

— அப்போ... உங்களுக்குப் பிடிச்சுத்தான் இருந்துது?

— பொய் சொல்லுவானேன். பிடிச்சிருந்துது. வீட்டுக்காரருக்குத்தான் ஆகலை.

— அவருக்கு என்ன வேலை?

— ஏரியில தண்ணி எவ்வளவு ஏறுது, எவ்வளவு இறங்குதுன்னு தினமும் பார்த்துக் குறிக்கணும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மீதி நேரமெல்லாம் கரையில உட்கார்ந்து பறவையைப் பார்த்துக்கிட்டிருப்பார். பேச்சுன்னா... பன்னிரண்டு வருஷத்துல என்கிட்ட பேசினதை எல்லாம் ஒரு தீப்பெட்டியில போட்டு மூடிடலாம்.

— சண்டையா?

— சண்டை போட்டிருந்தாலாவது நாலு வார்த்தை வந்திருக்குமே! நல்ல மனுஷன். எனக்குக் காய்ச்சல்னா ராத்திரி பூரா நெத்தியில துணி போடுவார். ஆனா வாயைத் திறக்க மாட்டார். "மழை வரும்"பார். வரும். அதோட அன்னைக்குப் பேச்சு முடிஞ்சுது.

— ம்...

— டீயில சர்க்கரை போதுமா?

— போதும்க்கா. சொல்லுங்க, கூட்டம் வந்தப்புறம்?

— ஒலிபெருக்கி கட்டினாங்க, கலர் விளக்குப் போட்டாங்க. பறவை இறங்குற நேரம் பார்த்துக் கையைத் தட்டி விரட்டுவாங்க, எல்லாம் ஒண்ணா எழும்பினா படம் நல்லா வருமாம். மூணாவது வருஷம் பறவையே வரலை. அவர் தினமும் போய் உட்கார்ந்தார். இருபத்தாறு நாள். இருபத்தேழாம் நாள் பெட்டியைக் கட்டிட்டார்.

— எங்கே?

— யாருமே போகாத இடமாப் பார்த்து மாத்தல் கேட்டு வாங்கியிருந்தார். வாசல்ல நின்னு "வர்றியா?"ன்னார். பதினோரு அறையும் நிறைஞ்சு கிடக்கு, அடுப்புல அம்பது பேருக்கு உலை கொதிக்குது. "இதை யார்கிட்ட விட்டுட்டு வர?"ன்னேன். தலையாட்டினார். போயிட்டார்.

— திரும்பி வரவே இல்லையா?

— பறவை இல்லாத ஏரிக்குக் கூட்டம் எதுக்கு வரும்? அடுத்த வருஷமே அதுவும் வேற ஊர் தேடிப் போயிடுச்சு. அவரும் இல்லை, பறவையும் இல்லை, கூட்டமும் இல்லை. நான் பாட்டுக்குப் பதினோரு அறையையும் பெருக்குறேன்... என்ன தம்பி, கோப்பையை ஏன் தள்ளி வைக்கிறீங்க?

— அக்கா... நான் அவரைப் பார்த்தேன்.

— யாரை?

— உங்க வீட்டுக்காரரை. போன மாசம். மலைக்கு மேல ஒரு ஏரி. பஸ் நிக்கிற இடத்துலேர்ந்து நாலு மணி நேரம் நடக்கணும். இடது புருவத்துல ஒரு தழும்பு...

— ஏணியிலேர்ந்து விழுந்தது. நான்தான் தையல் போடக் கூட்டிக்கிட்டுப் போனேன்... எப்படி இருக்கார்?

— இளைச்சிருக்கார். முட்டி வலின்னார். எனக்கு டீ போட்டுக் குடுத்துட்டு ரெண்டு மணி நேரம் பேசிக்கிட்டே இருந்தார்.

— அவரா? ஆள் மாறிப் பார்த்திருப்பீங்க.

— இல்லக்கா. "அஞ்சு வருஷமா நாய்கிட்ட பேசிப் பேசிப் பழகிடுச்சு தம்பி, பொறுத்துக்குங்க"ன்னார். இந்த ஏரி, பறவை, அப்புறம் நீங்க. உங்களைப் பத்தித்தான் அதிகம்.

— என்னைப் பத்தி ரெண்டு மணி நேரமா... என்கிட்ட சொல்லியிருக்கலாமே, அந்த மனுஷன்.

— அழாதீங்கக்கா.

— அழலை. அடுப்புப் புகை. நீங்க எதுக்கு அவ்வளவு தூரம் மேல ஏறிப் போனீங்க? பிழை திருத்துறவருக்கு மலையில என்ன வேலை?

— ...நான் பிழை திருத்துறவன் இல்லை. ஆள் அதிகம் போகாத இடமாத் தேடிப் பிடிச்சு எழுதுறவன். எட்டு வருஷம் முன்னாடி இந்த ஏரியைப் பத்தி எழுதினதும் நான்தான். புனைபெயர்ல. திட்டிடுங்கக்கா.

— ஆனா நீங்க இங்க வந்ததே இல்லையே? அப்போ இருந்ததே ரெண்டு அறை. யார் வந்திருந்தாலும் எனக்கு முகம் ஞாபகம் இருக்கும்.

— வரலை. இங்க வராமலேயேதான் எழுதினேன். அதைத்தான் நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. அவர்கிட்டயும் சொல்ல வாய் வரலை.

— அவர் என்ன சொன்னார், எழுதினவனைப் பத்தி?

— கோபமே இல்லை. "அவன் என்னைக்காவது கையில கிடைச்சா ஒண்ணே ஒண்ணு கேப்பேன். இங்க இப்படி ஒரு ஏரி இருக்குன்னு உனக்கு யாருய்யா சொன்னாங்க?"ன்னார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இறங்கி வந்துட்டேன்.

— அந்த மலை ஏரியைப் பத்தியும் எழுதப் போறீங்களா?

— இல்லக்கா. சத்தியமா இல்லை.

— சரி... அப்போ இங்க எதுக்கு வந்தீங்க?

— அவர் கேட்டதுக்குப் பதில் தேடித்தான். நான் எழுதுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கடிதம் வந்துது. கீழே பேர் இல்லை. "இங்க யாருமே வர்றதில்லை. சாயங்காலம் பறவைங்க இறங்குற சத்தம் கேட்டா நெஞ்சு நிறைஞ்சுடும். ஒருத்தராவது வந்து பாருங்க"ன்னு இருந்துது. ‘ஒருத்தராவது’க்குக் கீழே ரெண்டு கோடு. அதை அப்படியே வளர்த்து எழுதிட்டேன். யார் எழுதியிருப்பாங்க, இந்தப் பக்கத்துல உங்களுக்குத் தெரியுமாக்கா?

— நான்தான் தம்பி. அவர் தண்ணி மட்டம் குறிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, இதே மேசையில உட்கார்ந்து எழுதினேன். அவருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நான் ஊரைக் கூட்டச் சொல்லலையே... பேச ஒரு ஆள் வேணும்னு உங்களைத்தானே கூப்பிட்டேன். எட்டு வருஷம் கழிச்சு வந்திருக்கீங்க... சரி, விடுங்க. அந்த மலைக்குப் பஸ் எங்கேர்ந்து கிளம்புது, அதைச் சொல்லுங்க. யார் சொன்னாங்கன்னு கேட்டாரில்ல... நானே போய்ச் சொல்லிடுறேன்.