ஐந்து கைகள்

— மூணாம் தேதி, செவ்வாய்க்கிழமை, ரெண்டாவது பீரியட்ல, ஏழாம் வகுப்பு மூணாவது குழு உங்க பொண்ணை நீக்கிடுச்சு. வேற எந்தக் குழுவும் எடுத்துக்கலை. மறுநாள்லேர்ந்து அவ பள்ளிக்கூடத்துக்கு வரலை. இதை நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன்.

— சொல்லிட்டீங்கல்ல வாத்தியாரே? அப்ப அந்த முனையைப் பிடிங்க. ஆஸ்பத்திரி வண்டி வர்றதுக்குள்ள தொவைச்ச இந்தத் துணி மலையை மடிச்சுக் கரைக்கணும்.

— இப்படியா?

— சரியாப் போச்சு! அது தலகாணி உறை. பெட்ஷீட் அதோ. ம், இழுத்துப் பிடிங்க. ஒரு வாரமா அவதான் அந்தப் பக்கம் நிக்கறா. இப்ப மாடிக்கு மூட்டை கொண்டு போயிருக்கா.

— அவ இங்க வேலை செய்யறாளா?

— யாரும் சேர்த்துக்காத புள்ளையை வீட்டுல பூட்டியா வைக்க முடியும்? அது என்ன சார் குழு? பள்ளிக்கூடமா, கட்சி ஆபீஸா?

— வாராவாரம் கணக்குத் தேர்வு. அஞ்சஞ்சு பேரா குழு. குழுவோட சராசரியைச் சுவத்துல ஒரு அட்டையில எழுதுவேன். ரொம்பப் பின்தங்கினவங்களைக் குழுவே நீக்கலாம். நான் முன்னாடி இருந்த கம்பெனியில இதுதான் நடைமுறை.

— நீக்கினா எங்க போறது?

— வேற குழு எடுத்துக்கணும்.

— எடுத்துக்கலைன்னா?

— அதை யோசிக்கலை.

— நல்லாயிருக்கு! கம்பெனியிலயாவது யோசிச்சீங்களா?

— அங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. வருஷத்துக்கு ஒருத்தர். பிரிவுல இருக்கறவங்களே ஆளைச் சொல்வாங்க, நான் கையெழுத்துப் போடுவேன். ஒரு தடவை, ஆரம்பத்துலேர்ந்து என்கூடவே இருந்தவர் பேருக்குக் கீழே போட்டேன். போட்டுட்டு டீ குடிக்கப் போனேன். ஒண்ணும் தோணலை. அதுக்குப் பயந்துதான் வேலையை விட்டேன்.

— எங்க சந்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தா ஏதாவது தோணும்னு வந்தீங்களாக்கும்?

— ஆமா.

— தோணுச்சா? நில்லுங்க, மூலையும் மூலையும் சேரலை. உதறுங்க. இப்ப என்கிட்ட வாங்க.

— இல்லை. திங்கட்கிழமை ராஜினாமா கொடுக்கப் போறேன். பழைய கம்பெனியில கூப்பிடறாங்க.

— தாராளமாப் போங்க, உங்க காலையா கட்டி வெச்சிருக்கோம்? ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. அன்னிக்கு எப்படி முடிவு பண்ணாங்க?

— கை தூக்கச் சொன்னேன். எல்லாரும் தூக்கினாங்க. ஒருமனதான முடிவுன்னு எழுதிக்கிட்டேன்.

— எத்தனை கை?

— அஞ்சு.

— குழுவுல எத்தனை பேரு?

— அஞ்சு பேர்.

— பரவாயில்லையே, எண்ணத் தெரியுதே!

— அவளுமா?

— அவளுந்தான். 'என்னாலதாம்மா அவங்களுக்கு மார்க் குறையுது'ன்னா.

— அழுதாளா?

— அழுதிருந்தா நாலு அதட்டு அதட்டி, மறுநாளே உங்ககிட்ட இழுத்துட்டு வந்திருப்பேன். எப்படிடி இருந்துச்சுன்னு கேட்டேன். 'ஒண்ணும் தோணலைம்மா'ன்னுட்டு, வந்து அந்த முனையைப் பிடிச்சுக்கிட்டா.

— அதே வார்த்தையா சொன்னா?

— அதே வார்த்தைதான். அய்யோ, முனையை விட்டுட்டீங்களே! தரையில பட்டா மறுபடியும் தொவைக்கணும் சார்.

— எடுத்துட்டேன்.

— இப்பவாவது ஏதாவது தோணுதா?

— இல்லை. ஆனா ராஜினாமா கொடுக்கப் போறதில்லை. திங்கட்கிழமை அவளை அனுப்புங்க. அவ வர்றதுக்குள்ள அந்த அட்டையைக் கழட்டிட்டு, நான் வாசல்ல நிக்கறேன்.