சட்டைப்பைத் துப்பாக்கியின் வலு

ஐயா, விசாரணைக்கு வந்த தாங்கள் நேற்று எங்கள் இல்லத்தில் அருந்திய காப்பி நீர்த்திருந்ததற்கு முதலில் மன்னிப்புக் கோருகிறேன். என் மனைவி ஒடீல் அடுப்பருகே வர மறுத்துவிட்டதால் நானே போட நேர்ந்தது.

தாங்கள் லம்பேரைப் பற்றிக் கேட்டீர்கள். அவன் ஒடீலின் தம்பி. இந்த லியேஜ் நகரின் துப்பாக்கிப் பட்டறையில், காட்டுப்பன்றி வேட்டைத் துப்பாக்கிகளுக்குக் குழாய் கடைபவன். நானோ சட்டைப்பைத் துப்பாக்கிகளைச் சுட்டுச் சோதித்து அனுப்புபவன். அவை உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். சீமாட்டிகள் கைப்பையில் வைத்துக்கொள்வர். குண்டு பட்டாணியினும் சிறியது. கம்பளி மேலங்கியில் பட்டால் துணியிலேயே நின்றுவிடும். வெறும் சட்டை என்றால் ஒரு விரல் நீளம் உள்ளே செல்லும். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு விருந்து மேசையில் இதை அறிந்திருந்தவன் நான் ஒருவனே.

"என்ன மச்சான், இந்த வாரம் எத்தனை ஈ செத்துச்சு?" என்று லம்பேர் வழக்கம்போல் தொடங்கினான்.

விருந்தினர் சிரித்தனர். அவன் எழுந்து மேலங்கியைக் கழற்றி, வயிற்றைத் தட்டிக் காட்டினான்.

"இந்தாங்க, சுடுங்க. கிச்சுகிச்சு மூட்டுனாச் சிரிச்சிருவேன்."

அழைக்கப்பட்டதால் சுட்டேன். ஒரு சொட்டு இரத்தம் வந்தது. எல்லோரிலும் அதிகமாகச் சிரித்தவன் லம்பேர்தான்.

மறுநாள், எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த அவனுக்குக் காய்ச்சல் கண்டது.

"என்னங்க, உடம்பு அனலாக் கொதிக்குது. டாக்டரக் கூட்டிட்டு வாங்க," என்றாள் ஒடீல்.

குண்டு தோலைத் தாண்டவில்லை, தின்ற பன்றிக்கறிதான் காரணம் என்று விளக்கினேன். தொழில் தெரிந்தவன் சொல்வதால் நம்பினாள்.

"வேணாங்க்கா. இந்தப் பொம்மைத் துப்பாக்கிக்குப் போயி டாக்டரான்னு பட்டறையே கைகொட்டிச் சிரிக்கும்," என்றான் லம்பேரும்.

அவன் விருப்பத்தை மதித்தேன். வயிறு பலகைபோல் இறுகியபோதும் மதித்தேன். அவன் களைத்துவிடக் கூடாதென்று கரண்டியால் கஞ்சி ஊட்டினேன்.

புதன்கிழமை காலையில் ஒடீல் மெழுகுவர்த்தி ஏற்றத் தேவாலயம் சென்றிருந்தாள். லம்பேர் என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டான்.

"மச்சான்... உங்க துப்பாக்கி நல்ல துப்பாக்கிதான். ஒத்துக்கறேன். டாக்டரக் கூப்பிடுங்க."

அவனுக்கு மனமார நன்றி கூறினேன். மருத்துவர் அடுத்த தெருவில்தான் வசிக்கிறார். நான் தொப்பியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். ஆயினும் அச்சொற்களை ஒடீலும் அவன் வாயால் கேட்பதே முறை என்று தோன்றியது. அக்கா வரும்வரை தயவுசெய்து பொறுத்திருக்குமாறு வேண்டிக்கொண்டு, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தேன். அவன் மீண்டும் கேட்டான். பிறகு வெறும் உதடுகளால் கேட்டான். பிறகு கேட்கவில்லை.

ஒடீல் அன்று சற்றுத் தாமதமாகவே திரும்பினாள். அதற்காக அவளை நான் ஒருபோதும் குறை கூறியதில்லை, ஐயா.