மார்க் ஷீட்டுக்கு ஒரு ஜன்னல்

இப்டி கிட்ட வந்து குந்து நைனா. மெஷினுக்கு முன்னால நின்னுகினு இருந்தா பேன் காத்து வராது. தோ, என் பக்கத்துல ஸ்டூல் கீது. டிகிரிய மேசை மேல வெய்யி, ஒண்ணும் ஆவாது. மெஷின் இப்பதான் போட்டேன். செவப்பு லைட்டு எரியுதா? அது போயி பச்சை லைட்டு வரணும். அப்பதான் சூடு ஏறிச்சின்னு அர்த்தம். சூடு பத்தாம உள்ள உட்டா பிளாஸ்டிக்கு பொட்டு பொட்டா கொப்பளிச்சிக்கும், அம்மை போட்ட மூஞ்சி மாதிரி.

நீயாவது எழுந்து போயிடாதே. ஒரு வாரமா இதே ரோதனை. வர்றாங்க, லேமினேஷன்னு கேக்கறாங்க, மெஷினப் பாக்கறாங்க, ஒரு சிரிப்பு சிரிக்கறாங்க, "ஜெராக்ஸ் மட்டும் எடுத்துக் குடும்மா"ன்னு வாங்கிகினு போயிடறாங்க. நேத்து ஒருத்தர் சென்னீர்குப்பத்துலேர்ந்து ஊட்டுப் பத்திரம் கொண்டாந்தாரு. மெஷினப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, பத்திரத்த மாரோட அணைச்சிகினு நடையக் கட்டிட்டாரு. நான் இன்னா அவரு ஊட்டுல குடி போவப் போறேனா?

இந்தப் பருத்திப்பட்டு ஸ்டாப்புல பஞ்சவர்ணம் ஜெராக்ஸ்னா கண்டக்டரே எறக்கி உடுவான். அவ்ளோ பேரு எனக்கு. அப்டியாப்பட்ட கடையில இப்டி...

இது இன்னா டிகிரி? பி.காமா? மூணு வருசமும் ஒரே காலேஜ்லயா? அப்ப உனக்கு ஒண்ணுந் தெரியாது. நடுவுல காலேஜ் மாறிப் பாக்கணும் நைனா. அங்க படிச்சது இங்க செல்லுமா செல்லாதான்னு ஒவ்வொரு மேசையா போயி நிக்கணும். ஜஹானாரான்னு ஒரு பொண்ணு, அது பட்ட பாட்டைக் கேட்டீன்னா நீ டிகிரிய மடியில வெச்சிகினு அழுவே.

அவங்க அத்தா ஹாஜா மொய்தீன் திருச்சி பேக்டரில இருந்தாரு. ஆவடி டாங்க் பேக்டரிக்கு மாத்திட்டாங்க. அவரு பொண்டாட்டி புள்ளைங்களோட வந்து குவாட்டர்ஸ்ல எறங்கிட்டாரு. அவர யாரும் ஒரு கேள்வி கேக்கல. இருபது வருசம் அங்க முறுக்கின நட்டும் இங்க முறுக்கற நட்டும் ஒண்ணுதான்னு ஒத்துகினாங்க. அவரு பொண்ணு அங்க ஒரு வருசம் படிச்ச படிப்பு மட்டும் இங்க செல்லுமான்னு கேட்டா, "அத நாங்க பாத்துதான் சொல்லணும்"ன்றாங்க. படிப்பு இன்னா ரயில்ல வரும்போது கெட்டுப் போயிடுமா?

அது படிச்சது வெலங்கியல். பூச்சி, தவளை, இதெல்லாம் அறுத்து அறுத்துப் பாப்பாங்களே, அது. அங்க மொத வருசம் முடிச்சி நல்ல மார்க்கு. இங்க ரெண்டாவது வருசத்துல சேரணும். சேர உட்டாத்தானே?

பேஜாரு இன்னான்னா, அதுக்கு ஒரு தங்கச்சி கீது. ஜரினா. அது இந்த வருசந்தான் ப்ளஸ் டூ முடிச்சி, அதே காலேஜ்ல, அதே வெலங்கியல்ல மொத வருசம் சேந்துடுச்சி. பெரியவ படிச்சது செல்லலைன்னா, அக்காவும் தங்கச்சியும் ஒரே கிளாசு. ஒரே பெஞ்சு. அந்தச் சின்னது சும்மா இருக்குமா? அவங்க அக்காவ லாத்தான்னுதான் கூப்புடுவாங்க. தோ, இந்த எடத்துலயே நின்னுகினு சொல்லுது, "லாத்தா, கவலப்படாத. மொத பெஞ்சுல உனக்கும் சேத்து எடம் புடிச்சி வெக்கிறேன். புரியலைன்னா என் நோட்டப் பாத்து எழுதிக்க." பெரியவளுக்குக் கண்ணு செவந்து போச்சி. "இவ கூட ஒரே கிளாஸ்னா நான் காலேஜுக்கே போவலைன்னு அத்தாகிட்ட சொல்லிட்டேன் ஆன்ட்டி"ன்னு சொல்லிச்சி. வெளாட்டுக்கு இல்ல. அது ஒண்ணு சொல்லிச்சின்னா சொன்னதுதான்.

டி.சி., நடத்தை சர்டிபிகேட்டு, மார்க் ஷீட்டு, அங்கத்துப் பாடத்த அச்சடிச்ச புஸ்தகம், அதுல பக்கத்துக்குப் பக்கம் பழைய காலேஜ் சீலு. எல்லாம் என் கடையிலதான் ஜெராக்ஸு. காலேஜ்ல நாலு காப்பி கேட்டா இது ஆறு எடுக்கும். உஷாரான பொண்ணு.

மொதல்ல காலேஜ்ல பார்வதம் மேடம். வெலங்கியலுக்கு அவங்கதான் தலைமை. ரெண்டு ஊரு பாடத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாத்தாங்களாம், சம்பந்தம் பேசறவங்க ஜாதகம் பாக்கற மாதிரி. தமிழ் சரி. இங்கிலீஷ் சரி. கடைசில, "நீ தவளை அறுக்கவே இல்லையேம்மா"ன்னுட்டாங்க. இங்க மொத வருசம் தவளை, ரெண்டாவது வருசம் கரப்பான்பூச்சி. திருச்சில மொதல்ல கரப்பானு, அப்புறந்தான் தவளை. ஏன் அப்டின்னு எனக்குத் தெரியாது. காவேரித் தண்ணில தவளை மெதுவா வளருமோ இன்னமோ. இந்தப் பருத்திப்பட்டு ஏரியில வந்து கேளு, மழை பேஞ்சா தவளைங்க தானா வந்து க்யூவுல நிக்கும்.

அப்ப அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சி தெரியுமா? "மேடம், இந்த வருசம் எல்லாரும் கரப்பான் அறுக்கும்போது நான் ஒரு ஓரமா தவளை அறுக்கறேன். கரப்பான்ல எனக்கு எண்பத்தேழு. யாருக்காவது கை நடுங்கினா நானே சொல்லித் தரேன்." மேடம் கண்ணாடியக் கழட்டிப் பாத்தாங்களாம். கையெழுத்துப் போட்டுட்டாங்க. அன்னிலேர்ந்து அது அறுக்கற கத்தி, கத்திரி, ஊசி வெச்ச பொட்டியத் தோள்பைலயே போட்டுகினு அலையுது. எப்ப எங்க தவளை கெடைக்குமோன்னு.

தோ, லைட்டு போச்சி. எழுந்திரு நைனா, போட்டுடலாம்... இரு இரு. பேனும் நிக்குது. பச்சை இல்ல, கரண்ட்டு போச்சி.

குந்து. இப்ப வந்துடும்... வந்துடுச்சி பாரு. ஆனா செவப்புலேர்ந்துதான் மறுபடி ஆரம்பிக்குது. ஏறின சூடெல்லாம் கணக்குல சேத்துக்க மாட்டேன்னுது. இதுவும் அந்தப் பொண்ணு போன ஆபீஸ் மாதிரிதான்.

எதுல உட்டேன்? ஆங், ஆபீஸு. காலேஜ்ல கையெழுத்தானா போதாது. பட்டணத்துல பெரிய ஆபீஸுக்குப் போயி, ஒரிஜினல் மார்க் ஷீட்டுக்குப் பின்னால ஒரு சீலு வாங்கணும். இந்தப் பொண்ணு அங்க படிச்ச மொத வருசம் இங்க செல்லும், அப்டின்னு. வெள்ளிக்கிழமை நாலு மணிதான் கடைசி. அதுக்கப்புறம் ஆண்டவனே வந்தாலும் ஜரினா பக்கத்துலதான் எடம்.

வியாழக்கிழமை எலெக்ட்ரிக் ட்ரெய்ன் புடிச்சிப் போச்சி. அங்க கலியமூர்த்தின்னு ஒரு கிளார்க்கு. நல்ல மனுசன்தான். பேப்பர் எல்லாம் பாத்தாரு. எல்லாஞ் சரி. சீல மசில குத்தினாரு. மார்க் ஷீட்டத் திருப்பி வெச்சி ஓங்கி ஒண்ணு வெச்சாரு. சீலு வழுக்கிகினு போயி ஓரத்துல நிக்குது. தொடைச்சிட்டு மறுபடி வெச்சாரு. மறுபடி வழுக்குது. மூணாவது தபா வெச்சிட்டுக் கைய எடுத்துப் பாத்தா ஷீட்டுல ஒண்ணுமே இல்ல, சீலு பூரா அவரு சட்டைக் கையில கீது. அந்தச் சட்டை ரெண்டாவது வருசத்துல சேந்துக்கலாம். இந்தப் பொண்ணுதான் சேர முடியாது.

ஏன்னா? யாரோ அந்த மார்க் ஷீட்ட லேமினேஷன் பண்ணி வெச்சிக்கீறாங்க நைனா.

யாரோ. யாரா இருந்தா இன்னா? அதா இப்ப முக்கியம்? பிளாஸ்டிக்கு மேல மசி ஒட்டாது, அவ்ளோதான் விசயம். "இது மேல சீல் வெக்க முடியாதும்மா, பழைய எடத்துக்கே எழுதிப்போட்டு வேற மார்க் ஷீட் வாங்கிகினு வா"ன்னாரு. அதுக்கு மூணு மாசம் ஆவும். இதுக்கு இருக்கறது ஒரு நாளு.

அவரு சும்மா இருந்தாரா? "எந்த மகராசிம்மா இந்த வேலையப் பண்ணது"ன்னு திருப்பிப் பாத்திருக்காரு. பிளாஸ்டிக்குக்கு உள்ள, மார்க் ஷீட்டுக்குப் பின்பக்கம் நடுவாந்தரமா ஒரு சின்னச் சீட்டு. சத்தமாப் படிச்சாராம், ஆபீஸே கேக்கற மாதிரி. "பஞ்சவர்ணம் ஜெராக்ஸ். பருத்திப்பட்டு பஸ் ஸ்டாப் எதிரில். ரேஷன் கார்டு, சாமி படம், சகலமும் லேமினேஷன் செய்து தரப்படும்."

...சரி நைனா, அப்டிப் பாக்காதே. நாந்தான்.

கேளு. செவ்வாக்கெழமை வந்து மார்க் ஷீட்ட ஜெராக்ஸ் எடுத்துகினு, ஒரிஜினல மெஷின் மூடிக்கு அடியிலயே உட்டுட்டுப் போயிடுச்சி. எல்லாரும் உடறதுதான். ஒருத்தர் கல்யாண ஜாதகத்தையே உட்டுட்டுப் போயி பொண்ணு மாறிடுச்சி, அது வேற கதை. அன்னிக்குன்னு நல்ல மழை. இந்த ஓட்டுல ஒழுவுது, பாத்தியா, அங்க? சொட்டு சொட்டா மேசை மேல. பொம்பளப் புள்ளையோட படிப்பு நனையுதேன்னு எனக்கு மனசு கேக்கல. மெஷின் வேற சூடா இருந்திச்சி. காசு கூட வாங்கலியே நைனா. யாரும் கேக்காமயே பண்ணேன். எல்லா லேமினேஷனுக்கும் பின்னால கடைச் சீட்டு ஒண்ணு சொருவுவேன், எடம் காலியாத்தானே கீது, நாலு பேரு படிக்கட்டும்னு. நானா கண்டேன், அந்த எடத்துலதான் அவங்க சீலு வெப்பாங்கன்னு? மறுநாள் பளபளன்னு எடுத்துக் குடுத்தேன். அதுவும், "தேங்க்ஸ் ஆன்ட்டி"ன்னு கைய வேற புடிச்சிகிச்சி.

வியாழக்கிழமை சாயங்காலம் நேரா இங்கதான் வந்துச்சி. கூடவே ஜரினா. பெரியவ மார்க் ஷீட்ட என் முன்னால நீட்டி, சீலு வழுக்கின கதையச் சொல்லிச்சி. சின்னது, "நாளைலேர்ந்து ரெண்டு பேருக்கும் ஒரே டிபன் பாக்ஸ் போதும் லாத்தா"ன்னுச்சி. நான், "சூடு காட்டி உரிச்சுடலாமா கண்ணு"ன்னு கேட்டேன். "மெஷின் பக்கமே போவாதீங்க ஆன்ட்டி"ன்னுச்சி.

மார்க் ஷீட்டத் திருப்பி மேசையில வெச்சிகினு என் கடைச் சீட்டையே பாக்குது. நகத்தால தட்டுது. ஓரத்துல தட்டினா ஒரு சத்தம். சீட்டு மேல தட்டினா வேற சத்தம், தொப்பு தொப்புன்னு. மறுபடி தட்டுது. அப்புறம் மெல்லமா சொல்லுது, "ஆன்ட்டி, இந்தச் சீட்டு பிளாஸ்டிக்லதான் ஒட்டியிருக்கு. மார்க் ஷீட்ல ஒட்டல. இது நடுவுல இருக்கறதால இதுக்கு அடியில பேப்பர் அப்படியே இருக்கு."

தோள்பையத் தொறந்துச்சி. தவளைப் பொட்டிய எடுத்துச்சி. ஜரினாவப் பாத்து, "லைட்டப் புடி"ன்னுச்சி. அந்த வாயாடியும் வாய மூடிகினு டார்ச்சப் புடிச்சிகிச்சி. சின்னக் கத்தியால சீட்டோட நாலு ஓரமும் ஒரு கோடு. அடில கீற பேப்பர் மேல ஒரு கீறல் உழல நைனா. ஊசிய வெச்சி ஒரு மூலையத் தூக்குச்சி, வவுத்தத் தொறக்கற மாதிரி அப்டியே எடுத்துச்சி. கடைச் சீட்டு தனியா வந்துடுச்சி. அங்க பாத்தா ஒரு ஜன்னலு. ஜன்னலுக்கு உள்ள மார்க் ஷீட்டோட வெள்ள முதுகு, புதுசா.

வெள்ளிக்கிழமை மூணே முக்காலுக்குக் கலியமூர்த்தி பாத்தாரு, தடவிப் பாத்தாரு. "இது பேப்பர்தானே சார்?"னு இது கேட்டிச்சாம். "பேப்பர்தான்"னாரு. "அப்ப வெக்கலாமே சார்?" ஜன்னலுக்குள்ள சீலு கச்சிதமா குந்திகிச்சி. ஜஹானாரா இப்ப ரெண்டாவது வருசம். அதுக்கு இப்பல்லாம் ஜரினா காலேஜ்ல எழுந்து நின்னு வணக்கம் வெக்குதாம், வேணும்னே.

அத்தோட உட்டுச்சா? சனிக்கிழம திரும்ப வந்துச்சி, வெட்டி எடுத்த அந்தக் கடைச் சீட்டக் கையில வெச்சிகினு. பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சே, அதுல என்னப் பத்தி எழுதிக்கீதாம். கீழ வட்டமா ஒரு சீலு வரைஞ்சி, நடுவுல தவளை. "உங்க கடைக்கு என்னோட சர்டிபிகேட் ஆன்ட்டி. நீங்களே லேமினேஷன் பண்ணி மெஷின் நெத்தில ஒட்டிக்கங்க"ன்னுச்சி. எனக்கு அச்செழுத்துன்னா கூட்டிக் கூட்டிப் படிக்க வரும், கையெழுத்து வராது. அது மூஞ்சில இருந்த சிரிப்பப் பாத்தா நல்லதாத்தான் எழுதியிருக்கும்னு ரெண்டு தரம் சூட்டுல உட்டு, அழுத்தி லேமினேஷன் போட்டு நானே ஒட்டினேன். வர்றவங்களுக்கெல்லாம் கூப்ட்டுக் காட்டறேன். இன்னா எழுதிக்கீதுன்னு கேட்டா, "நல்லாத்தாம்மா எழுதிக்கீது"ன்றாங்க, போயிடறாங்க.

தோ, பச்சை வந்துடுச்சி. எழுந்துட்டியா? அப்டியே முன்னால போயி அதப் படிச்சிட்டு வா. எனக்கும் கேக்கற மாதிரி படி.

"இந்த அம்மா தங்கமானவங்க." பாத்தியா, நான் சொல்லல? அப்புறம்? "ஜெராக்ஸ் தெளிவா எடுப்பாங்க." சரிதான், உள்ளதுதானே. அப்புறம்? கீழ பொடி எழுத்தா? படி நைனா, ஏன் சிரிக்கிற?

"ஒரிஜினலை மட்டும் மறக்காம கையோட எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

...ஒரு வாரமா நானேவா கூப்ட்டுக் கூப்ட்டுக் காட்டிகினு கீறேன்?

நைனா, உன் டிகிரி எங்க? இங்கதானே வெச்சே? ஓ, கையில எடுத்துகினியா? சரி, போ. பஸ்ஸு வருது, ஓடாதே, நிப்பான். போறதுன்னா போ, உன் பாக்கெட்டுல கீற பேனாவ மட்டும் குடுத்துட்டுப் போ. கடைசி வரிய அடிச்சி உட்டுடறேன்.

இன்னாடா இது... கோடே உழ மாட்டேன்னுது. வழுக்குது. அழுத்தினாலும் வழுக்குது. அதுக்குத்தான் என் கையாலயே லேமினேஷன் போட வெச்சிக்கீறா.