நூல் கட்டிய ஒயர்கள்

— பட்டு மாமி, டார்ச்சை இன்னும் கொஞ்சம் கீழே பிடிங்க. ஆரே, இது என்ன? ஒயர்ல வாழைநார் கட்டியிருக்கு!

— அது பிரிண்டர் ஒயர்டி ஸ்மிதா. பக்கத்துல பார், மணி கோத்த நூல். அது இன்டர்நெட். துணி சுத்தி ஊக்கு குத்தியிருக்கே, அது பில் மெஷின்.

— மணி, நார், ஊக்கு... தாருண் மாமி, நிஜமாவே பிரமாதம்! நானும் எத்தனையோ கடை பாக்கறேன். மேஜைக்கு அடியில குனிஞ்சா போதும், இடியாப்பம் மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு சுத்திட்டுக் கிடக்கும். இங்க கண்ணை மூடிட்டே எது எந்த ஒயர்னு சொல்லிடலாம். யார் கட்டினது?

— வேற யாரு, எங்க மது தாதான். இந்தக் கண்ணாடிக் கடைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த நாள்லேர்ந்து அவர்தான் பார்த்துக்கறார். ரெண்டு வருஷம் முன்னாடி ஒருநாள், கீழே பூக்காரன்கிட்ட நார் கேட்டு வாங்கிண்டு வந்து, தரையில சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொண்ணா கட்டினார். கரண்ட் போனா தடவிப் பார்த்தே தெரிஞ்சுக்கலாமாம்.

— லேக் மார்க்கெட்ல இப்ப கரண்ட் எங்க மாமி போறது?

— அதைத்தான் நானும் கேட்டேன். "பழைய பழக்கம், பௌதி"ன்னு சிரிச்சார். நான் அவரை 'தா'ன்னு அண்ணாவாக்கினேன்; பௌதி, பௌதின்னு என்னை அண்ணியாக்காம அவருக்கு ஒரு வார்த்தை பேச வராது. பெங்காலிதான், ஆனா இங்க இருக்கற தமிழ்க் கடைகள்லயே பழகிப் பழகி, நம்ம பாஷை தண்ணி பட்ட பாடா ஆயிடுத்து.

— இருங்க, ஒரு ஃபோட்டோ எடுத்துக்கறேன். எங்க ஆபீஸ்ல காட்டணும். பாஸ்வேர்ட் என்ன மாமி?

— ரசம்.

— மாமி, பாஸ்வேர்ட்.

— அதைத்தாண்டி சொல்றேன். ரசம். கடைசியில ரெண்டு புள்ளி, மிளகு மாதிரி. அவர் வச்சது. ஒரு டம்ளர் ரசம் உள்ளே போனாத்தான் அவருக்கு வேலையே ஓடும்.

— இதை மட்டும் மாத்திடறேன், கோவிச்சுக்காதீங்க. தெருவுக்கே தெரிஞ்சிருக்கும்.

— மாத்து, மாத்து. மாத்தறதுக்குத்தானே உங்க கம்பெனியைக் கூப்பிட்டேன். பெருமாளே, இப்ப அவர் வந்துடுவார். என்ன முகத்தை வச்சிண்டு பேசப் போறேனோ.

— அவருக்கு இன்னும் சொல்லவே இல்லையா?

— "புதுசா ஒரு பொண்ணு வரா, எது எங்க இருக்குன்னு காமிச்சுக் கொடுங்கோ"ன்னு மட்டும் சொன்னேன். இனிமே நீங்க வரவேண்டாம்னு சொல்ல வாய் வரலைடி.

— இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்யறவரை ஏன் மாமி மாத்தறீங்க? இது என் வேலைக்கே நான் உலை வைக்கற கேள்வி. ஆனாலும் கேக்கறேன்.

— துர்கா பூஜைக்கு முன்னாடி, கடையில நிக்க இடமில்லாத கூட்டம். மெஷின் படுத்துடுத்து. வந்தார். சரி பண்ணறேன் பேர்வழின்னு, பழைய பேக்கப்பை எடுத்துப் புதுசு மேல போட்டுட்டார். ஒரு வாரம் வந்தவா அத்தனை பேரோட கண் பவரும் போச்சு. ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, "இன்னொரு தடவை வந்து கண்ணைக் காட்டுங்கோ"ன்னு கெஞ்சினேன். ஜாதவ்பூர் ப்ரொஃபஸர் ஒருத்தர், "முதல்ல உங்க கண்ணை டெஸ்ட் பண்ணிக்கோங்கோ"ன்னுட்டு போனை வச்சுட்டார்.

— ஐயோ பாவம் நீங்க!

— என் வீட்டுக்காரர் லென்ஸ் அரைச்சு அரைச்சுச் சேர்த்த பேர்டி இது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கடையை இழுத்து மூடவேண்டியதுதான். அதோட, வாட்ஸாப்புல என்ன அனுப்பினாலும் பதிலே கிடையாது. எல்லாம் போன்ல பேசணும் அவருக்கு. வயசாயிடுத்து, அலட்சியம் வந்துடுத்துன்னு நானும் மனசைக் கல்லாக்கிண்டேன். ஆனா நேர்ல வந்து உட்கார்ந்தார்னா, அவரை மாதிரி ஒரு மனுஷன் கிடையாது.

— எப்படிச் சொல்றீங்க?

— மத்தவா என்ன பண்ணுவா? "நகருங்கோ மாமி"ன்னு என்னைத் தள்ளிட்டு, படபடன்னு தட்டிட்டுப் போயிடுவா. இவர் என்னை மெஷின் முன்னாடி உட்கார வச்சுடுவார். "நீ படி, பௌதி. நான் சொல்றேன்"பார். ஸ்க்ரீன்ல வர்ற ஒவ்வொரு வரியையும் நான் சத்தமா படிக்கணும். அவர் ஸ்டூல்ல உட்கார்ந்து ரசத்தை உறிஞ்சிண்டே, இதை அழுத்து, அதை விட்டுடுன்னு சொல்லுவார். இப்படியே நான் பாதி இன்ஜினியர் ஆயிட்டேன், தெரியுமோ? போன மாசம் பிரிண்டரை நானே சரி பண்ணினேன்.

— மாமி, கஸ்டமருக்குக் கத்துக்கொடுன்னு எங்களுக்குத் தனியா ட்ரெயினிங்கே நடக்கும். நடந்து என்ன? ஒருத்தரும் செய்யறதில்ல, நான் உள்பட. அவ்ளோ பொறுமை யாருக்கு இருக்கு? இவர் வேற லெவல்.

— அன்னிக்கு மெஷின் படுத்தப்போ மட்டும் என்னால கூட உட்கார முடியலை. கல்லாவுல கூட்டம். தனியா போராடினார் பாவம். அதுலதான் அந்தத் தப்பு. ஹ்ம்... பொண்ணையும் எப்படி வளர்த்திருக்கார்ங்கறே! கையைப் பிடிச்சு அழைச்சிண்டு வந்து மாடிப்படி வரைக்கும் விட்டுட்டுத்தான் ஆபீஸ் போறா. என் பிள்ளை ரோஹித் இருக்கானே, ஒருநாள் ஆட்டோ ஏத்திவிட மாட்டான்.

— அவருக்கு ஏதாவது நல்லதா கொடுத்து அனுப்புங்க மாமி.

— எடுத்து வச்சிருக்கேன், இந்தா, இந்த ஃப்ரேம். கடையிலேயே ஒசத்தி. கடை திறந்த புதுசுல நான் போட்டுக் கொடுத்த கண்ணாடியையே இன்னும் மாட்டிண்டு திரியறார். டெஸ்டுக்கு உட்காருங்கோன்னா, "பூஜைக்கு அப்புறம், பௌதி". எந்த வருஷத்துப் பூஜைன்னு மட்டும் சொல்ல மாட்டார். உஷ், படியில சத்தம் கேக்கறது. அவர்தான்.

— பௌதி! ரஷம் வாசனை கீழ் படி வரைக்கும் வருது. இன்னிக்கு மிளகு ஜாஸ்தி!

— வாங்கோ மது தா, உட்காருங்கோ. மேஜைக்கு அடியில இருக்காளே, அவதான் ஸ்மிதா.

— வணக்கம் மது தா. உங்க ஒயரையெல்லாம் பார்த்தேன். உங்க ரசிகை ஆயிட்டேன்.

— பாரு பௌதி, உன் மேஜை கூட தமிழ் பேசுது! ஷோனோ, கேளு ஸ்மிதா, மணி கட்டின நூல் கொஞ்சம் லூஸ். இறுக்கிக் கட்டு.

— மது தா... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னுதான்...

— சொல்ல வேண்டாம். புரிஞ்சுது. புதுக் கம்பெனி. ரொம்ப நல்லது. ஒரு வாரத்துப் பவரைத் தொலைச்ச ஆளை, நானா இருந்தா அன்னிக்கே அனுப்பியிருப்பேன். நீ ரஷம் கொடுத்து வச்சிருந்தே.

— அப்படியெல்லாம் பேசாதீங்கோ. நான் அழுதுடுவேன்.

— அழாதே பௌதி. ஸ்மிதா, எல்லாத்தையும் மாத்து. நூலை மட்டும் அவிழ்க்காதே.

— அவிழ்க்கவே மாட்டேன். நான் போற எல்லாக் கடையிலயும் இனிமே இப்படித்தான் கட்டப்போறேன், மது தா.

— கேட்டியா பௌதி? ரிடையர் ஆகற அன்னிக்கு ப்ரமோஷன்!

— கேட்டேன். இப்ப நான் சொல்றதை நீங்க கேளுங்கோ. எழுந்து வந்து இந்த டெஸ்ட் நாற்காலியில உட்காருங்கோ. உங்களுக்குப் புதுக் கண்ணாடி போட்டுத்தான் அனுப்புவேன்.

— பூஜைக்கு அப்புறம், பௌதி.

— அதெல்லாம் முடிஞ்சு எத்தனையோ நாளாச்சு. இது என்னோட மரியாதை, வேண்டாம்னு சொல்லப்படாது. கையைக் கொடுங்கோ. ஆங், அப்படித்தான். ஸ்மிதா, எதிர்ல அந்த போர்டு ஸ்விட்சைப் போடு.

— போட்டுட்டேன் மாமி. அம்மாடி, மேல் எழுத்து என்ன இவ்ளோ பெருசு! வாசல்லேர்ந்தே படிக்கலாம்.

— அது சும்மா பேருக்குடி. அதைப் படிக்காதவா ஒருத்தரும் இந்த நாற்காலியில உட்கார்ந்ததில்லை. மது தா, அதுலேர்ந்தே ஆரம்பிப்போம். நேரா பாருங்கோ. முதல் எழுத்து என்ன?

— இன்னிக்கு ரஷம் இன்னும் கைக்கு வரலையே, பௌதி.

— சொல்லுங்கோ மது தா. முதல்ல எழுத்து, அப்புறம்தான் ரசம்.

— நீ படி, பௌதி. நான் சொல்றேன்.