கன்னிக்கால் முருக்கு

— கிணத்தடி முருக்க மரத்தில மட்டும் கத்திய வைக்காத கிருஷாந்தி. சொல்லிப்போட்டன்.

— மாமி, வேலி முருக்கெல்லாம் முடிஞ்சிட்டு. மரத்தில இலையும் காளானும் செதுக்கியாச்சி. பூசணிக்காதான் மிச்சம். அதுக்குக் கொப்புக் காணாது, அடிமரம் வேணும். நாளைக்குக் காலத்தால பெட்டி கொழும்புக்குப் போகணும்.

— பூவரசில செஞ்சா என்ன?

— பூவரசு வைரம் பாஞ்சது. என்ட கை ரெண்டும் போயிரும். முருக்கெண்டாத்தான் கத்திக்கு மெதுவா இரிக்கும்.

— தின்னுற பூசணிக்காய மரத்தில செஞ்சு அனுப்பச் சொல்லுறாளே உன்ட கொக்கா பிரஷாந்தி! கனடாவில இரிந்து அவளுக்கு என்ன புடிச்சிட்டு? நாங்க கண்ணூறு கழிக்க ரோட்டில போட்டு உடைக்கிற சாமான்.

— சும்மா இரிங்க மாமி. அங்க இன்னும் கொஞ்ச நாளில இலையெல்லாம் பழுத்துக் கொட்டுமாம். அந்தக் காலத்துக்கு இதுகள வாசல்லயும் மேசையிலயும் வைச்சு அழகு பாப்பாங்களாம். அக்கா வேலை செய்யிற கடையில விக்கிறதுக்கு. கையால வெட்டி, கோணலும் மாணலுமா இரிந்தாத்தான் விருப்பமாம்.

— அப்ப நான் வெட்டின காளான்தான் முதல்ல போகும். இலை கொட்டுறதக் கொண்டாடுற சனம்! நல்லா இரிக்கி.

— கொட்டி முடிஞ்சா மரம் மொட்டையா நிக்குமாம். பனியெல்லாம் போய் மறுகாத் துளிர்க்குமாம்.

— அப்ப அது வரைக்கும் எந்த மரம் செத்தது, எந்த மரம் உசிரோட நிக்கிதெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிற?

— அக்கா அதச் சொல்லல்ல.

— எங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்ல மனே. கிணத்தடியப் பாரு. கலியாணத்துக்கு நட்ட கன்னிக்கால் தழைச்சா மாப்பிள்ள பொம்புள்ள தழைப்பாங்க. உனக்கும் றஜீவனுக்கும் நட்ட முருக்கங் கொப்பு இண்டைக்கும் பச்சையா நிக்கிது. என்ட புள்ள எங்கயோ ஒரு ஆமிக் காம்பில அடைபட்டு இரிக்கான்.

— அதத்தான் நானும் சொல்லுறன். தெற்கில காலிப் பக்கம் ஒரு காம்பில கனபேர் இரிக்காங்களாம். இந்தப் பெட்டி போய்ச் சேர்ந்தா அக்கா காசு அனுப்புவா. போய் விசாரிச்சிட்டு வரலாம். அவரத் தேடப் போறதுக்குத்தானே மரத்த வெட்டுறன்?

— நாலு வரிசமாத் தேடுறாய். எத்தின காம்புக்குப் போயிட்டாய்.

— சண்டை முடிஞ்ச நேரம் வன்னியில ஆமி அவர பஸ்ஸில ஏத்தினதக் கண்ட ஆக்கள் இரிக்காங்க மாமி. நான் எப்பிடிச் சும்மா இரிக்கிற? போன கிழமையும் அவருக்கு மரணப் பத்திரம் எடுக்கச் சொல்லி அரசாங்கக் கடிதம் வந்தது. கிழிச்சு அடுப்புக்குள்ள போட்டன்.

— போ. தேடு. ஆனா மரத்தில கைவைக்காத.

— மாமி, கோவிக்காம ஒண்டு கேளுங்க. அது கன்னிக்கால் இல்ல.

— என்ன பறையிறாய்?

— கன்னிக்கால் சுனாமியோட பட்டுப்போச்சி. உப்புத் தண்ணி ஏறி இந்த வளவுல ஒரு புல்லும் மிஞ்சல்ல. மாமாவையும் உங்கட மகள் சுதர்சனாவையும் கடலுக்குக் குடுத்துப்போட்டு நீங்க அகதி முகாமில அன்னந்தண்ணி இல்லாமக் கிடந்தீங்க. உங்கள இஞ்ச கூட்டி வாற அண்டு விடியக்குள்ள உங்கட மகன் வேற கொப்பு வெட்டிக்கொண்டு வந்து அதே குழியில நட்டார். “அம்மா இதையும் கண்டா தாங்கமாட்டா, சொல்லிராத” எண்டார். நான் இண்டு வரைக்கும் வாய் திறக்கல்ல.

— அவனா நட்டான்?

— ஓம். அழாதீங்க மாமி. கன்னிக்கால் பட்டும் அவருக்கு ஒண்டும் நடக்கல்லத்தானே? அப்ப இத வெட்டினாலும் ஒண்டும் நடக்காது. உங்கட பயத்தப் போக்கத்தான் சொன்னன்.

— நான் அதுக்கு அழல்ல. அவனும் என்னப்போலதான் செஞ்சிரிக்கான் எண்டுதான் அழுறன்.

— உங்களப்போலயா?

— அவன் நட்டதும் இப்ப இல்ல மனே. முந்தின வரிசம் பெரிய வெள்ளம் வந்ததே, அதுல வேர் அழுகிச் சரிஞ்சிட்டு. வெள்ளத்துக்கு நாம ஒதுங்கின பள்ளிக்கூடத்தில நீ காய்ச்சலோட படுத்துக் கிடந்தாய். வளவு துப்பரவாக்க முன்னுக்கு வந்தது நான்தான். கோயில் வேலியில ஒரு மொத்தக் கொப்பு வெட்டி வந்து நட்டன். பழைய மரத்திட மேல் கொப்பெல்லாம் வெள்ளத்தில முறிஞ்சிட்டெண்டு உனக்குச் சொன்னன்.

— அப்ப அவர் கையால நட்டதெண்டு நான் ஒவ்வொரு நாளும் தண்ணி ஊத்தினது?

— என்ட கொப்புக்குத்தான் ஊத்தினாய். காலத்தால எழும்பி, அதுக்கு ஒரு வாளி ஊத்தி, மறுகாத்தான் நீ முகம் கழுவுற. அது பட்டுக் கிடக்கிறதக் கண்டா மனசு விட்டிருவாய் எண்டு பயந்தன்.

— நல்ல வேலைதான் பாத்திரிக்கம். ஆள ஆள் ஏமாத்தி. சரி, விடுங்க. அவர் வந்தாப்போல சொல்லிச் சிரிப்பம்.

— அவன் வரமாட்டான்.

— மாமி! என்ன வாய் இது?

— அவனோட வன்னியில இரிந்த நல்லரத்தினம் வந்தவன். தடுப்புக் காம்பில இரிந்து விட்ட கையோட வந்தவன். நீ சந்தைக்குப் போயிரிந்தாய். பஸ்ஸில ஏத்தினது வேற ஆரோ ஒரு புள்ளயாம். எங்கட றஜீவன் அதுக்கு முதலே செல் குண்டு பட்டு முடிஞ்சிட்டான். பங்கர் குழிக்குள்ள கிடத்தி, நல்லரத்தினம்தான் தன்ட கையால மண் போட்டவன்.

— எப்ப வந்தவர்?

— மூண்டு வரிசம்.

— மூண்டு வரிசமாத் தெரியுமா? நான் வெள்ளிக்கு வெள்ளி விரதம் பிடிச்சன் மாமி. அவர்ட படத்தத் தூக்கிக்கொண்டு மட்டக்களப்பிலயும் வவுனியாவிலயும் வெயில்ல நிண்டன். ஒவ்வொருக்காவும் நீங்கதான் சோறு கட்டித் தந்து அனுப்பினீங்க. எப்பிடி மாமி மனசு வந்தது?

— வரல்ல. நீ பஸ் ஏறிப் போனாப்போல இஞ்ச கிடந்து தலையில அடிச்சு அழுவன். இண்டைக்குச் சொல்லிருவம் எண்டுதான் ஒவ்வொரு நாளும் எழும்பினன்.

— பின்ன ஏன் சொல்லல்ல?

— இது உன்ட சீதன வீடு மனே. நம்மட ஊரில ஆம்பிளதான் பொஞ்சாதி வீட்டுக்குப் போறவன். தாய்க்காரி மகள்ட வீட்டிலதான் இரிப்பா. என்ட மகளும் வீடும் ஒரே அலையில போயிட்டு. மகன் இரிக்கான் எண்டாத்தான் நான் இஞ்ச அவன்ட தாய். அவனும் இல்லையெண்டா இந்த வளவுல நான் ஆரு? எங்க போய்ப் படுக்கிற எண்டு பயந்தன். அவ்வளவுதான். சோத்துக்கும் பாய்க்கும் ஆசப்பட்டு உன்ன ரோட்டில நிக்க விட்டன்.

— என்னத் தொடாதீங்க மாமி. கொஞ்ச நேரம் என்னத் தொடாதீங்க.

— ஏசு மனே. அடி. வெளிய போ எண்டாலும் போறன்.

— எண்டைக்காம்?

— என்ன?

— அவர் முடிஞ்சது எண்டைக்கெண்டு நல்லரத்தினம் சொன்னவரா? திகதியச் சொல்லுங்க மாமி. நாம ரெண்டு பேரும்தானே அவருக்குத் திவசம் குடுக்கணும்.