சுண்ணாம்புத் தூசி

டேப் ஒட்டுவதில் எனக்குக் கொஞ்சம் பித்து உண்டு, ஐயா. சுருக்கமோ குமிழோ இருந்தால் அன்று சோறு இறங்காது.

அந்தச் சலவை ஆலையின் கொதிகலன் அறைக்கு நான்தான் மேஸ்திரி. நீராவிக் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் உறை. வால்வு மாற்றும்போதெல்லாம் அதைக் கொஞ்சம் வெட்டியாக வேண்டும். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் அங்கேயே தங்கும். இருபது வருடம் கழித்துக்கூட ஆளைக் கொல்லும். பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதனால் சாமான்களை வெளியேற்றி, மின்விசிறியை நிறுத்தி, தரைக்கும் சுவருக்கும் தடித்த பிளாஸ்டிக் விரித்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டினேன். உறையை நனைத்த பிறகே வெட்டவிட்டேன். ஆட்கள் இருவரின் முகமூடியையும் நானே இழுத்துப் பார்த்தேன். இருவரும் இன்றும் நன்றாக இருக்கிறார்கள்.

சுவரின் உச்சியில் ஒரு காற்றுத் துளை. என் பக்கம் குழாய்கள் மறைத்ததால் கை எட்டாது. மறுபக்கம் துணி மடிக்கும் கூடம். அங்கே ஒன்பது பெண்கள். ஒருத்தி, அம்மா போன பிறகு என்னை வளர்த்த அக்கா. அந்தப் பக்கமிருந்து துளையை அடைக்கக் கூடத்தைக் காலி செய்ய வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். சொன்னால் மறுநாள் ஒருத்தியும் வரமாட்டாள். பாதுகாப்புப் படிவத்தில் ‘துளை அடைக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மதியம் அக்கா வந்து கேட்டாள். “என்னடா, கறுப்புச் சட்டைக்கெல்லாம் நரை விழுது?”

“சுண்ணாம்புக்கா. தட்டிட்டு மடிங்க.”

தட்டினார்கள். அந்த வருடம் நான்கு வால்வு மாற்றினோம். நான்கு முறையும் அப்படியே.

இருபத்திரண்டு வருடம் கழித்து அக்காவுக்கு மூச்சு வாங்கியது. நான்தான் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

“ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிற இடத்துல வேலை பாத்தீங்களாம்மா?” என்று டாக்டர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

“இல்ல டாக்டர். ரெண்டு பேரும் ஒரே ஆலைதான். அங்க அப்படி ஒண்ணும் கிடையாது.”

“தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள்.

மற்ற எட்டுப் பேரில் மூவர் அவளுக்கு முன்பே போயிருந்தார்கள். மூன்று வீட்டுக்கும் துக்கம் விசாரிக்கப் போனேன். மீதி ஐவரின் விலாசம் என்னிடம் இருக்கிறது. அவர்களுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. பேரன் பேத்திகளோடு சிரித்துக்கொண்டிருப்பவர்களை எதற்குக் கலங்கடிக்க வேண்டும்?

கடைசி நாட்களில் அக்காவை நான்தான் நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகைத் தடவிக்கொடுத்தேன். “உனக்குத்தான்டா எவ்வளவு சிரமம்” என்று வருத்தப்பட்டாள். மூச்சு நிற்கும்போதும் என் கையைத்தான் பிடித்திருந்தாள். அவளைக் கொன்றவன் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் யார் மீதும் ஒரு மனத்தாங்கலும் இல்லாமல் போனாள், ஐயா. உண்மை தெரிந்திருந்தால் அந்த நிம்மதி கிடைத்திருக்குமா? அதையாவது அவளுக்கு என்னால் கொடுக்க முடிந்ததே.