எச்சில் ஊறிய நாள்

மதியப் பேருந்து அவிநாசி ரோட்டில் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. வெளியே தூறல். பாதித் தூக்கத்தில் இருந்த எனக்கு, முன் இருக்கையில் ஜன்னலோரத்து அம்மா பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது கேட்டது.

“நேத்து எங்கூட்டுக்காரருக்கு வாயில எச்சி ஊறுச்சுங்க.”

“அதுல என்னங்க அதிசயம்?”

“தொண்டைல கட்டின்னு ஆஸ்பத்திரில கரண்ட் வெச்சாங்க, ரேடியேசனுங்க. அதுல எச்சி சுத்தமா வத்திப்போச்சுங்க. எட்டு மாசமா சோறு மணலாட்டம் இருக்குதும்பாரு. தண்ணி குடிச்சுத்தான் முழுங்குவாரு.”

“அடப் பாவமே.”

“நேத்து எலுமிச்சம்பழம் அரிஞ்சேனுங்க. பாத்துட்டு நின்னவரு சட்டுன்னு வாயைத் தொடச்சாரு. நான் அழுதுபோட்டேன். அப்பறம் வட்டல்ல சோத்தைப் போட்டேன். கொழம்பு ஊத்தறதுக்கு முந்தியே ஒரு வாய் எடுத்து மென்னாரு. மென்னுட்டே இருந்தாரு. ‘அம்மணி, சோறு இனிக்குது’ன்னாரு.”

“சக்கரை ஏதாச்சும் பட்டிருக்குமுங்க.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேனுங்க. எச்சியில என்சைம்னு ஒண்ணு இருக்குதாமுங்க. சோத்துல இருக்கற மாவை அது வாயிலயே சக்கரையா மாத்த ஆரம்பிச்சிருமாம். வயித்துக்குப் போறதுக்கு முந்தியே செரிமானம் தொடங்கிருதாமுங்க. நாமதான் அவசரமா முழுங்கிப்போடறோம், தெரியறதில்லை.”

கருமத்தம்பட்டி வந்தது. யாரோ இறங்கினார்கள்.

“அப்பறம் கொழம்பு ஊத்திச் சாப்பிட்டாருங்களா?”

“கொழம்பு ஆறிப்போச்சுங்க. நானும் ஒரு வாய் எடுத்து மெதுவா மென்னேன். வெறுஞ்சோத்தையே மென்னுட்டு ரெண்டு பேரும் உக்காந்திருந்தோமுங்க.”